விலங்கின் பெயர்

பங்குச் சாமியாரின் இரும்புப் பெட்டிக்குள்
ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கு அடியில்
குழந்தைத் துவாலையில் சுருண்டு கிடந்தாள்.
கோயில்பிள்ளை ததேயு கைகழுவிவிட்டு எடுத்தார்.
நான் கையுறை போட்டேன்.
மலையிலிருந்து முட்டம் கடற்கரைக்கு
ஜீப்பில் ஒன்றரை மணி நேரம்.
தந்தம் எங்கே இருந்தாலும்
வனத்துறைக்குக் கணக்கு வேண்டும்.

உயரம் இருபத்துநாலரை சென்டிமீட்டர்.
எடை ஒரு கிலோ முந்நூற்று நாற்பது,
பிலோமி செதிள் துடைத்துத் தந்த
மீன் தராசில்.
சேதம்: வலது கையில் இரண்டு விரல்.
மடிப்புகளுக்குள் கொஞ்சம் நீலம்,
முடியில் பொன் ஒட்டியிருக்கிறது.
பிள்ளை பிடித்திருக்கும் பறவைக்குத் தலை இல்லை.
எஸ்பானியா, ஐந்நூறு வருஷத்துக்கு மேல் என்று
யாரோ பென்சிலில் எழுதிய சீட்டு.
வந்த வழி கேட்டேன்.
"கடலு" என்றார் ததேயு.
எழுதிக்கொண்டேன்.

இடுப்பு ஒரு பக்கம் தள்ளி,
தோள் பின்னால் சரிந்து
நேராக நிற்க மாட்டாதவள்.
"வள்ளத்தில நிக்கா" என்றாள் பிலோமி.
"ஒக்கல்ல பிள்ளையும் இருக்குல்லா.
சாயாம நின்னா கடல்லதான் கெடக்கணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
போன மாசியில், கோதையாற்றுக்கு மேலே
மின்வேலியில் விழுந்த ஒற்றைக் கொம்பனை
நாடா பிடித்து அளந்தது நான்தான்.
வெளி வளைவு ஓர் அளவு, உள் வளைவு ஓர் அளவு.
உளி தொடுவதற்கு முன்பே
இவளை யாரோ சாய்த்திருக்கிறார்கள்,
பட்டை உரித்து, மண் கிண்டி,
தும்பிக்கைக்கு வழிவிட்டு
வருஷம் வருஷமாக.

கவிழ்த்துப் பார்க்க அனுமதி கேட்டேன்.
ததேயு கண்ணை மூடிக்கொண்டார்.
அங்கியின் விளிம்புக்குள்ளே ஒரு குழி,
சுண்டுவிரல் நுழையும்.
நரம்பு இருந்த இடம்.
யானைக்குப் பல் வலித்தால் இங்கேதான் வலிக்கும்.
விளக்கைச் சாய்த்தால்
குறுக்கும் மறுக்குமாய் மெல்லிய கோடுகள்.
பிலோமி முந்தானையைத் தலைக்கு இழுத்தாள்.
"வலையா அது?"

வலைதான் என்று சொல்லியிருக்கலாம்.
தந்தமென்றால் இப்படித்தான் கோடு ஓடும்,
போலியைக் கண்டுபிடிக்க இதைத்தான் பார்ப்போம்
என்று பயிற்சியில் சொன்னதையே சொன்னேன்.
அவள் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

ஒன்பதாவது கட்டம்: விலங்கின் பெயர்.
பேனா கொஞ்சம் நின்றது.
ததேயு எட்டிப் பார்த்து, தணிந்த குரலில்,
"மாதான்னு போடப்பிடாதா மக்ளே?"

யானை, என்று எழுதினேன்.
ஆசியாவா ஆப்பிரிக்காவா என்பதற்கு
தெரியவில்லை.
ஆணா பெண்ணா
தெரியவில்லை.
இறந்த விதம், அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
கோடு போட்டேன்.

துவாலையில் சுற்றும் முன்
ததேயு அவள் நெற்றியில் முத்தி செய்தார்.
பிறகு என்ன நினைத்தாரோ,
கவிழ்த்து
அந்தக் குழியிலும்.