பஞ்சு குறைத்த இருக்கை

அதிகாலை மூன்றரைக்கு
பிளைனாய் ஃபெஸ்டினியோகில் பேருந்து கிடையாது.
மழை மட்டும் நேரம் தவறுவதில்லை.
நாற்பத்து மூன்று வயதில்
சிவப்பு 'எல்' பலகையோடு
நான் வண்டி பழகக் கிளம்பியதற்கு
வேறு காரணம் தேட வேண்டாம்.
மாவு பிசைய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பாங்கரில் புது வண்டி பார்த்தேன்.
கண்ணாடிச் சுவருக்குள்
இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல்
ஒரு மைலும் அறியாத வண்டி.
"முப்பத்தாறு மாதம், சின்னத் தவணை"
என்றான் கெரைன்ட்,
சின்ன என்ற சொல்லை இன்னும் சின்னதாக்கி.
ஏறி உட்கார்ந்தேன்.
இரண்டு காலிலும் கட்டைவிரல்தான் தரை தொட்டது.
"பழகிவிடும்."
பழகிவிடும் என்று சொல்பவர்கள் எல்லோரும்
ஆறடி உயரமாகவே இருக்கிறார்கள்.

வேலையிடத்தில் இரண்டு கட்சி.
அடுத்தவர் தலைவலியைக்
காசு கொடுத்து வாங்காதே என்றாள் குவென்னோ.
எப்படியும் கீழே போடத்தான் போகிறாய்,
பழசைப் போட்டால் கண்ணாடி உடையும்,
புதுசைப் போட்டால் நெஞ்சு உடையும்
என்றான் அடுப்பு பார்க்கும் ஹெட்வின்.
இருவருமே வண்டி ஓட்டியதில்லை.

ட்ராஸ்வினித் தாண்டி ஒரு பண்ணை.
செம்மறிக் கொட்டகைக்குள் நின்றது பழைய வண்டி.
பதினோராயிரம் மைல்.
இடப்பக்கம் நீளமாய் ஒரு கீறல்,
கிளட்ச் பிடியின் நுனி வளைசல்.
"எப்போது விழுந்தாய்?"
"முதல் வாரம்," என்றாள் மாரெட். இருபது வயதிருக்கும்.
"நின்றுகொண்டிருந்தபோது."

சுழி பார்த்து வாங்க இது மாடில்லை.
டயரின் பள்ளத்தில் நாணயம் நுழைத்தேன்,
சங்கிலியைத் தூக்கிப் பார்த்தேன்,
படித்துவைத்த பட்டியல் அதோடு தீர்ந்தது.
அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல்
எஞ்சின் மேல் கை வைத்தேன்.

இருபது வருடம் ரொட்டி சுட்ட கை.
அடுப்பை அணைத்து எத்தனை நிமிடம் என்று
கடிகாரத்தைக் கேட்காமல் சொல்லும்.
"இன்றைக்கு ஓட்டினாயா?"
"இல்லை."
"பத்து நிமிடத்துக்கு முன்னால்?"
காதுவரை சிவந்தாள்.
குளிரில் முரண்டு பிடிக்குமாம்.
நான் வருவதற்குள் கிளப்பிச்
சூடேற்றி வைத்திருக்கிறாள்.

கோபத்தோடு போயிருக்கலாம்.
இறக்கிவிட்டுப்போன தங்கை
ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவாள்.
ஆகவே காத்திருந்தோம், எஞ்சின் ஆறட்டும் என்று.
தேநீர் தந்தாள். பேச ஒன்றுமில்லை.
தகரத்தில் மழை.
ஆட்டுக்குட்டி ஒன்று என் பூட்ஸ் நாடாவைச் சப்பியது.

ஆறியபின் கிளப்பினாள்.
முதல் முறை ஓர் இருமல்.
அடுத்த முறை அதுவும் இல்லை.
மூன்றாவதில் எழுந்தது,
உறக்கத்தில் உலுக்கிய ஆளைப்போல் முனகியபடி.
மூன்றரை மணிக்கு நானும் அப்படித்தான்.

அதற்காக வாங்கவில்லை.
ஏறி உட்கார்ந்தபோது
இரண்டு பாதமும் குதிகால்வரை
தரையில் பதிந்தன.
குனிந்து பார்த்தேன். இருக்கை உறையில் கைத்தையல்,
கோணல்மாணலாக.
"நான் குள்ளம்," என்றாள்.
"ரொட்டிக் கத்தியால் பஞ்சை அறுத்தெடுத்தேன்.
அப்பா இரண்டு நாள் பேசவில்லை."
இதை மட்டும் அவள் மறைக்கவில்லை.
விளம்பரத்தில் எழுதவும் தோன்றவில்லை.

பொய்க்கு நூறு பவுண்டு குறைத்தாள்,
பாட்டரிக்கு ஐம்பது.
அந்தக் காசில் கையுறை வாங்கினேன், புதிதாக.
கையுறையில் பழசு வேண்டாமென்று
இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டன.

சனிக்கிழமை வண்டியை எடுத்தேன்.
பண்ணை வாசலில் கிளட்சை விட்டேன்,
நின்றது.
மறுபடி விட்டேன்,
நின்றது.
மாரெட், கொட்டகைக்குள் எதையோ
தேட வேண்டியிருப்பதுபோல்
முதுகைத் திருப்பிக்கொண்டாள்.