நட்சத்திர அச்சு

கண்டனூரில் ஒரு மணிவிழா.
நானூறு பேருக்கு முள்ளுமுறுக்கு.
எண்ணெய் காய்ந்துவிட்டது,
மாவும் பதமாக இருக்கிறது,
அச்சைத்தான் காணோம்.

பித்தளைத் தட்டு. நடுவே ஒற்றைத் துளை,
ஐந்து முனை நட்சத்திரம்.
இருபத்தாறு வருடமாக என் உரலோடு
ஊர் ஊராக வருகிறது.

வளவில் தேடினேன், கட்டில் தேடினேன்.
மேல்மாடிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தாள்
வீட்டுக்காரர் பேத்தி அடைக்கம்மை.
கையில் ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியின் மூடி,
மூடியின் நடுவே ஓட்டை,
ஓட்டையில் என் அச்சு.

கீழே முற்றத்தில் குப்புறக் கிடந்தான்
என் கைப்பிள்ளை சாத்தையா,
தேங்காய் துருவ வேண்டியவன்.
"அண்ணே, நிழலை மிதிச்சிராதீங்க!"

சித்திரை உச்சி. சூரியன் நேர் மேலே.
அட்டையின் நிழல் கருங்கல்லில் விழ,
அதன் நடுவில் ஒரு வெளிச்சம்,
வட்டமாக.

"நட்சத்திரம் எங்கேடா?"
"அதைத்தான் அண்ணே தேடுறோம்."

எனக்குத் தெரிந்த சாஸ்திரம் ஒன்றே ஒன்று:
துளை எப்படியோ முறுக்கு அப்படி.
மூன்று கண் என்றால் மூன்று குழல்,
கோடு என்றால் நாடா.
மாவு என்னிடம் பொய் சொன்னதில்லை.

அடைக்கம்மை இறங்கி வந்தாள்.
அட்டையைத் தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்தாள்.
நட்சத்திரம்! ஐந்து முனையும் கூர்மையாக.
இடுப்பு உயரம்: முனைகள் மழுங்கின.
முக்காலிமேல் ஏறினாள்: பூசினாற்போல் ஆனது.
மறுபடி மாடிக்கு ஓடினாள்:
வட்டம்.

எண்ணெய் புகைய ஆரம்பித்தது.
அடுப்பைத் தணித்துவிட்டு வந்தேன். ஆமாம், வந்தேன்.

அவள் தாம்பாளத்தில் மாவைத் தூவி
விரலால் சின்ன நட்சத்திரம் வரைந்தாள்.
என் அப்பளக் கட்டைப் பிரித்தாள், கேட்காமல்.
முனைக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று,
நடுவில் ஒன்று என்று
அப்பளத்தின்மேல் அப்பளம்.
தள்ளி நின்று பார்த்தால்
அப்பளக் குவியல், அதுவும் வட்டம்.
நட்சத்திரம் அடியில் எங்கோ.

"ஓட்டையில ஒவ்வொரு புள்ளியும்
ஒரு சூரியனை எறக்குது.
பக்கத்துல பிடிச்சா அப்பளம் பொடிசு,
ஓட்டைதான் தெரியும்.
உசரப் போனா அப்பளம் பெருசாயிரும்."

"அப்போ இந்த வட்டம்…"
"சூரியனேதான்."

சாத்தையா ரவிக்கை தைக்கிறவரின் டேப்போடு வந்தான்.
பத்திரிகை ஒன்றில் ஊசித்துளை போட்டு,
நூலில் கட்டி, ஏற்றி இறக்கி,
வட்டம் ஓர் அங்குலம் ஆனபோது
உயரத்தை அளந்தான். உரக்கச் சொன்னான்:
நூற்றியெட்டு அங்குலம்.
நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.
"சாமி இல்லேண்ணே, கணக்கு," என்றான்.
"சூரியன் நம்மளவிட்டு இருக்கிற தூரம்
அதோட அகலம் மாதிரி நூத்தியெட்டு மடங்கு.
ஒண்ணுரெண்டு கூடக்குறைய இருக்கும்."

முறுக்கு ஒரு மணி நேரம் தாமதம்.
ஆச்சி திட்டினார்கள்.
அப்பளம் முப்பத்தொன்று உடைசல்,
கணக்கில் கழித்தார்கள்.

சாயங்காலம் புதுவயல் பஸ்ஸுக்கு நடந்தேன்,
ஊருணிக் கரையோரம், வேப்ப மர நிழலில்.
இலைக்கு இலை இடுக்கு.
ஒன்று கோணல், ஒன்று கீற்று,
ஒன்று கிழிந்த பை மாதிரி.
மண்ணில் விழுந்த வெளிச்சமோ
பொட்டுப் பொட்டாக, கூர்மை ஒன்றும் இல்லாமல்.

இத்தனை சூரியன்.
இத்தனை வருடமாகச் செருப்போடு.

மிதிக்காமல் போகப் பார்த்தேன்.
முடியாது, என் காலிலேயே நாலைந்து ஏறிக்கொண்டன.

குனிந்து பார்த்தேன்.
மத்தியானம்போல் வட்டமில்லை,
முட்டைபோல் நீண்டிருந்தன, எல்லாமே ஒரே பக்கமாக.
ஏன்?

சாத்தையா முன்னால் போய்விட்டான்.
பாத்திரக் கோணியைக் கீழே வைத்தேன்.
அச்சை எடுத்தேன்.
பஸ் போனால் போகட்டும்.