நீல மூடி

பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை.
"அந்த நீல மூடி."
"தேள் படம் போட்டது."
"போன தடவ வாங்குனேன்ல, பூண்டு வாடை அடிச்சதே, அது."
செக்கானூரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த உரக்கடையில்
ஆறு வருஷமாய் பில் போடுகிறேன்.
மூடியின் நிறத்தை மருந்தின் பெயராக்கி எழுதுவது
என் வேலையில் பாதி.

மொக்கராசு ஒரு கத்தரிக் கொழுந்தைக்
கேரிபேக்கில் கொண்டுவருகிறார்.
நுனி தலைசாய்ந்து தொங்குகிறது.
முதலாளி டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார்,
எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி.
தண்டுப்புழு என்று மொக்கராசுக்கே தெரியும்.
நகத்தால் கீறி எடுத்துக்
கவுண்டர் மேல் ஊரவிட்டதும் அவர்தான்.
எந்த மாசம் எது வரும்,
மூட்டம் போட்டால் அசுவினி எப்படி அப்பும்,
எல்லாம் தெரியும்.
போன வாரம் அடித்தது ஏன் கேட்கவில்லை,
அது ஒன்றுதான் தெரியாது.
முதலாளியிடம் அதற்குப் பதில் உண்டு:
ரெண்டு மருந்து, ஒரு டானிக், கடன்.

டப்பாவின் கீழ்ப்பக்கம் ஒரு முக்கோணம்.
சிவப்பென்றால் பவர் ஜாஸ்தி என்கிறார்கள்.
பச்சையைப் பார்த்தால்
"இது தண்ணி மருந்து" என்று திருப்பித் தருகிறார்கள்.
சிவப்பு புழுவுக்கு இல்லை, நமக்கு
என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
ஒச்சம்மாள் டப்பாவை வாங்கி உருட்டிப் பார்த்தாள்.
"இது குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம்ல?
ஆஸ்பத்திரிச் செவுத்துல இருந்துச்சே.
புழு ரெண்டு பெத்தாப் போதும்னு சொல்லுதாக்கும்?"
கடையே சிரித்தது.
நானும்தான்.

உள்ளே பன்னிரண்டாய் மடித்த தாள், எறும்பெழுத்து.
அதில் வேர்க்கடலை மடித்துத் தின்றவரைப் பார்த்திருக்கிறேன்.
டேங்குக்கு ஒரு மூடி என்று அச்சடித்திருக்கும்.
மூணு ஊற்றுவார்கள்,
பக்கத்துக் காட்டுக்காரன் ரெண்டு ஊற்றுகிறான் என்பதால்.
அங்கிருந்து கிளம்புகிற ஈ
இங்கேதானே விருந்துக்கு வரும்.
ஆனால் காற்றுக்கு முதுகு காட்டித்தான் நடப்பார்கள்.
கிணற்றில் முங்கி எழுந்த பிறகுதான்
பிள்ளையைத் தூக்குவார்கள்.

இந்த ஆறு வருஷத்தில் ஒருத்திதான் கேட்டாள்,
அதே ஒச்சம்மாள்:
"அடிச்சு எத்தன நாள் கழிச்சுப் பறிக்கணும்?"
தாளைக் கண்ணருகே வைத்துத் தேடிச் சொன்னேன். ஏழு.
விரலை மடக்கினாள்.
"மூணு நாளைக்கு ஒருக்கா பறிக்கணுமேம்மா.
ஏழு விட்டா முத்தி வெதக்கத்திரி ஆயிருமே.
பரவை மார்க்கெட்டுல ஒத்த நகத்தால பொரட்டுவான்,
ஓட்டை இருந்தா ஒரு வெல, இல்லாட்டி ஒரு வெல.
ஏழு நாள் பொறுத்தா என்ன வெலைன்னு
அந்தத் தாள்ல போட்டிருக்கா?"

தேடினேன். நிஜமாகவே
திருப்பிப் போட்டும் தேடினேன்.

அன்றிலிருந்து பில் நகலின் மூலையில்
பென்சிலால் ஒரு தேதி குறிக்கிறேன்.
வசூல் தேதி என்று நினைத்திருக்கிறார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை சந்தை.
மொக்கராசு சம்சாரம் பவுனுத்தாய்
சாக்கு விரித்துக் காய் குவித்திருந்தாள்.
கண்ணாடி மாதிரி கத்தரிக்காய்,
என் முகம் கோணலாய்த் தெரிந்தது அதில்.
வியாழக்கிழமை பில்.
பென்சில் தேதிக்கு இன்னும் நாலு நாள்.
"வாத்தா, கூடவே போடுறேன்."
வெறுமனே சிரித்துவிட்டு
ரெண்டு கடை தள்ளி முட்டைக்கோஸ் வாங்கினேன்.
மலையிலிருந்து வந்ததாம்.
மலையிலும் ஒரு உரக்கடை இருக்கும்.
அங்கே பில் போடுகிறவளை எனக்குத் தெரியாது,
அதனால் வாங்க முடிந்தது.

திரும்பும்போது விடவில்லை பவுனுத்தாய்.
கையைப் பிடித்து இழுத்து
பையில் நாலு காய் போட்டாள்,
"அன்னிக்கு முதலாளிட்ட சொல்லி
தவணை வாங்கிக் குடுத்தியே."
காசை வாங்கவே மாட்டேன் என்றாள்.

கூடையில் வைத்திருக்கிறேன்.
வியாழன் வரட்டும்.
இன்று செவ்வாய்,
காம்புப் பக்கம் சுருங்கத் தொடங்கியிருக்கிறது.