மிதிக்க ஒன்றுமில்லை

மார்ச் மாதம், சிம்கோ ஏரி.
உறைந்த ஏரிமேல் இரவு முழுக்க மழை.
பனிக்கட்டியின் மேல் ஒரு விரல் தண்ணீர்.
மீன்பிடிக் கூடாரத்திலிருந்து கரைக்கு நடந்தவன்
பாதி வழியில் விழுந்தேன்.
எழும்ப முடியவில்லை.

காலை உதைத்தால் கால் மட்டும் போகிறது.
கையை ஊன்றினால் கை மட்டும் போகிறது.
எண்ணெய் பூசிய தட்டில் வைத்த முட்டைபோல
கிடந்த இடத்திலேயே சுழல்கிறேன்.
கரையில் குகதாசன் சிரித்துச் சிரித்து
வீடியோ எடுக்கிறான்.

அவனுக்கும் எனக்கும் முதல்நாள் இரவு வழக்கு:
காற்றே இல்லாத வெளியில்
ராக்கெட் எதைத் தள்ளி முன்னே போகும்?
"துடுப்புக்குத் தண்ணி வேணும்.
செருப்புக்குத் தரை வேணும்.
அதுக்கு மட்டும் என்ன வரமோ?"
மிசிசாகாவில் ராக்கெட் குழல் கடைகிற நான்
விடை தெரிந்தும் சொல்லத் தெரியாமல்
பொரித்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கையில் தூண்டில் பெட்டி.
எறிந்தேன், கிழக்கே.
மேற்கே ஒரு முழம் நகர்ந்தேன்.

யாரும் இழுக்கவில்லை.
பெட்டி எதிலாவது போய் மோதவேண்டும் என்றும் இல்லை.
கையை விட்டுப் பிரிந்த அந்த நொடியிலேயே
எனக்கும் அதற்கும் கணக்குத் தீர்ந்தது.

பிளாஸ்க்கை, உடையுமே என்று, மெல்ல எறிந்தேன்.
அரை விரல்.
பிறகு ஒரு பூட்ஸ். எடை குறைவுதான்;
தோள் கழன்றுபோக வீசினேன்.
ஒன்றரை முழம்!
எவ்வளவு எறிகிறாய் என்பது பாதி,
எவ்வளவு வேகமாய் என்பது மீதி.
அதற்காகத்தான் அந்தக் குழலின் இடுப்பை
அப்படி ஒடுக்கிக் கடைகிறோம்.
பிறகு நாதஸ்வர அணசுபோல விரிக்கிறோம்.
நெருப்பு நெரிபட்டு, விரிந்து,
ஒலியையும் முந்தி வெளியேறட்டும் என்று.

காற்று வந்தது, மேற்கிலிருந்து, முகத்தில் அறைந்து.
நகர்ந்ததில் கால்முழம் திரும்பப் பறித்தது.
இதைப் பிடித்துக்கொண்டா ராக்கெட் ஏறும்?
இது இல்லாத இடத்தில்தான் அதற்குச் சுகம்.

மீன்கள், ஒவ்வொன்றாய்.
ஒரே வீச்சுத்தான், ஆனால் கடைசி மீன்
முதல் மீனைவிடக் கொஞ்சம் கூடுதலாய்த் தள்ளியது:
சுமை இறங்க இறங்க
நான் இளைத்துக்கொண்டிருந்தேன்.
எறிவதற்கென்றே சுமந்து வந்த பாரம்,
அதைச் சுமக்கவும் எறிய வேண்டிய பாரம்.
ராக்கெட்டில் முக்கால்வாசி இதுதான்.

கரையில் கைகொடுத்துத் தூக்கினான் குகதாசன்.
என் ஒற்றைக் காலுறையைப் பார்த்தான்.
கிழக்கே சிதறிக் கிடந்த இரவுச் சாப்பாட்டைப் பார்த்தான்.
யோசித்தான்.

"ஆனா இஞ்சை காத்து இருக்குத்தானே, மச்சான்?"

மற்ற பூட்ஸையும் கழற்றினேன்.