கூடு விட்டுக் கூடு

டார்ட்டு நகரில் நவம்பர் மாதம்
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
எமாயோகி ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம்
என் மேசை. மேலே ஆறிய காப்பி,
நாற்பத்தொரு பேருடைய குக்கிகள்.

பெயர்தான் பிஸ்கட். தின்ன முடியாது.
ஒரு தளத்துக்குள் நுழைந்தால்
கையில் ஒரு துண்டைத் திணித்து
அடுத்த முறை வரும்போது காட்டு என்கிறது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை
என்பது பழைய கணக்கு.
இங்கே உப்பிட்டவன்
உண்டவனை நினைத்துக்கொள்கிறான்,
துண்டு கைவசம் இருக்கும்வரை.

மனிதர் தூங்கும் நேரத்தில்
அவர்களுக்காகத் தளம் தளமாய் ஏறி இறங்கும் ஏஜெண்டுக்கு
உரிய துண்டை உரிய நேரத்தில் கொடுப்பது
என் வேலை.
எடு, வை, ஏற்று, அழி.
நான்கே கட்டளை.
டொமைன், பாதை, காலாவதித் தேதி,
பிறகு யாருக்கும் புரியாத
எண்பது எழுத்துச் சரம் ஒன்று.
அந்தச் சரம்தான் ஆள்.
முகம் வேண்டாம், குரல் வேண்டாம்,
கடவுச்சொல்கூட வேண்டாம்.
சித்தர்கள் மூச்சடக்கிச் செய்ததை
ஒரு வரியில் செய்கிறோம்:
கூடு விட்டுக் கூடு பாய்தல்.

செவ்வாய் இரவு இரண்டு நாற்பதுக்கு
ஏஜெண்ட்
ஹெல்வே ரண்டோயாவாக இருந்தது.
ஹீயுமா தீவில் தேனீ வளர்ப்பவர்.
கண்ணாடிக் குப்பி ஆறு பெட்டி
வாங்க வேண்டும். வாங்கியது.

இரண்டு நாற்பத்து மூன்றுக்கு
அர்வோ கீஸ்க் ஆக வேண்டும்.
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்.
காலைப் படகில் அவர் வேனுக்கு ஓர் இடம்.

நடுவில் 'அழி' என்ற வரி ஓடியிருக்க வேண்டும்.
சாயங்காலம் ஏதோ சோதனைக்காக
முன்னால் ஒரு குறி போட்டு
நான்தான் அதை முடக்கிவைத்தேன்.
மறந்தும் போனேன்.
அர்வோவின் துண்டு திங்களன்றே காலாவதி.
ஹெல்வேயின் துண்டு, அதே டொமைனில்,
சூடு ஆறாமல் கிடந்தது.

படகுத் தளம் கதவைத் திறந்து
வாங்க ஹெல்வே என்றது.
நானில்லை என்று மறுக்க
ஏஜெண்டுக்கு ஒரு நான் இல்லை.
தீவுவாசிக்கான சலுகை விலையில்
ஆறு மணிப் படகில் இடம் பிடித்து
பச்சை டிக் போட்டது.

ஆறு இருபதுக்கு போன்.
"நான் படுக்கையில் இருக்கிறேன்.
நான் படகில் வந்துகொண்டிருப்பதாக
எனக்குச் செய்தி வந்திருக்கிறது.
இதில் யார் நான்?"

சொன்னேன், எல்லாவற்றையும்,
முடக்கிய வரி உட்பட.
பணம் திரும்ப வந்துவிடும் என்றேன்.
அவர் பணத்தைக் கேட்கவில்லை.
கூட்டு வாசலில் காவல் தேனீ நிற்கும், என்றார்,
வருகிறதை முகர்ந்து பார்க்கும்.
வேற்றுக்கூட்டு மணம் என்றால் விரட்டும்.
ஆனால் வயிறு நிறையச் சரக்கோடு வந்தால்
பல நேரம் கண்டுகொள்ளாது.
"உங்கள் ஆள் என் மணத்தோடு போனான்,
போதாக்குறைக்கு என் காசோடும்.
எந்தக் காவல் நிறுத்தும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம்.
பிறகு, "அந்த மணம்
உங்களிடம் எத்தனை நாள் இருக்கும்?"

கோப்பைத் திறந்து பார்த்தேன்.
பிப்ரவரி பதினேழு,
பகல் பதினொன்று நாலு, என்றேன்.
நொடியும் இருந்தது. சொல்லவில்லை.
"அதுவரை எதற்கு? இப்போதே கழுவுங்கள்."

அர்வோ அந்நேரம் கரை இறங்கியிருப்பார்,
ஹெல்வேயாகக் கடல் கடந்தது தெரியாமல்,
ஏதோ பள்ளிக்கூடத்துப் பியானோவில்
தளர்ந்த கம்பி ஒன்றை முறுக்கப் போவார்.

குறியை எடுத்தேன். வரி உயிர்த்தது.
நாற்பத்தொரு கோப்பையும் தனித்தனிக் கூடாக்கினேன்.
கடைசியாக, சோதனைக்கு,
எந்தத் துண்டும் இல்லாமல்
ஏஜெண்டை வெறுங்கையோடு அனுப்பினேன்,
ஒருமுறையாவது
யாருமில்லாததாய்ப் போய் வரட்டும் என்று.

வாசலில் பட்டை ஒன்று எழும்பியது:
இத்தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது,
சம்மதமா?

நான் படித்து முடிப்பதற்குள்
அழுத்திவிட்டது,
சம்மதம்.