மூன்றாம் சன்னல்

பாஃபூசாம் கூட்டுறவுக் கடன் சங்கம்,
மூன்றாம் சன்னல். இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் ஒர்தான்ஸ் ஜுய்கோம்,
வெல்டிங் பட்டறைக்காரி,
இடப்புருவத்தில் தீப்பொறி தின்ற வழுக்கை.

கணக்கில் ஒன்பது லட்சம் ஃப்ராங்க் வைத்திருக்கிறாள்.
கேட்பது எட்டு லட்சம் கடன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
இப்படி வந்த ஒருவரிடம் சொல்லிவிட்டேன்,
"உங்கள் பணமே கிடக்கிறதே ஐயா,
எடுத்துக்கொண்டு போங்களேன்."
அவர் பார்த்த பார்வை!
தேவாலயத்தில் பூசை நடுவே
கால்சட்டைப் பொத்தான் திறந்திருக்கிறதென்று
உரக்கச் சொன்னவளைப் பார்ப்பதுபோல்.

இப்போது கேட்பதில்லை.
படிவத்தைத் திருப்பி வைக்கிறேன்.
'நோக்கம்' என்ற கட்டத்தில்
ஜெனரேட்டர் என்று எழுதுகிறாள்.
ஜெனரேட்டர் போன மாதமே வந்து
பட்டறை மூலையில் உறுமிக்கொண்டிருக்கிறது.

வட்டி நூற்றுக்குப் பதினெட்டு.
துவாலாவிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்
கால்குலேட்டரைத் தட்டித் தட்டிக் கேட்டார்,
"இந்த ஊரில் யாருக்கும் கணக்கு வராதா?"

வரும்.
நாத்தனார் மகனுக்குப் பள்ளிக் கட்டணம் எழுபதாயிரம்.
செத்து ஆறு வருடமான பெரியப்பாவுக்கு
வறண்ட மாதத்தில் இரண்டாம் சாவுக் கொண்டாட்டம்:
ஆடு, பீர்ப் பெட்டிகள், கூடாரம்,
வம்சம் முழுக்க ஒரே துணியில் உடுப்பு.
தம்பிக்கு மூன்றாவது மோட்டார் சைக்கிள்
(முதல் இரண்டும் எங்கே என்று கேட்கக் கூடாது).
வாசலில் நிற்பவனிடம் 'இல்லை' என்றால்
பொய்யென்று தெருவுக்கே தெரியும்.
'கடனில் இருக்கிறேன்' என்று ரசீதைக் காட்டினால்
உச்சுக்கொட்டிவிட்டு
அவளுக்கே ஒரு பாட்டில் வாங்கித் தந்து போவான்.

பதினெட்டு,
பூட்டின் விலை.
என் பெயரிலும் ஒன்று ஓடுகிறது. சிறியது.

போன வெள்ளி, சன்னல் மூடும் நேரம்,
அவள் தாய்மாமன் பாஸ்கால் சுவெந்தே வந்தார்.
அவளுடைய முதல் வெல்டிங் மிஷினுக்காக
மூன்று பன்றிகளை விற்றவர்.
மழையில் நனைந்த தொப்பியைக் கையில் கசக்கியபடி,
"ஒர்தான்ஸ் எவ்வளவு கட்ட வேண்டும், அம்மா?"

சொல்லக் கூடாது, விதி.
அவரும் வற்புறுத்தவில்லை.
பிளாஸ்டிக் பையை அவிழ்த்துக் கொட்டினார்:
வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது,
நாற்பத்தோராயிரத்து முந்நூறு.
நாத்தனார் இரண்டாயிரம் போட்டாளாம்.
அந்தத் தம்பிகூட ஐந்நூறு.
"யார் கட்டினது என்று சொல்லிவிடாதே,
கூச்சப்படுவாள்."

எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
ஒரு நோட்டில் கருவாட்டு வாசனை.
எங்கேயாவது ஒரு நாணயம் கள்ளமாய் இருந்து
திருப்பிக் கொடுத்துவிடலாமோ என்று பார்த்தேன்.
எல்லாம் நல்ல பணம்.

'நோக்கம்' என்ற கட்டத்தில்
என்ன எழுதட்டும் என்றார்.

காலியாக விடலாம்
என்றேன்.