என் பக்கத்துத் தரை

விற்பனைக்கு என்று அட்டையில் எழுதியது காஸ்மிர்.
விலையை எழுதியது நான்.
இரண்டு கைகள் என்பது
தெருமுனையிலிருந்தே தெரியும்.

அறுபத்து நான்காம் வருடத்து ராம்ப்ளர்,
கூரை மடியும் வண்டி.
இதே கெனோஷாவில்
அவன் கதவு பொருத்திய வரிசையிலிருந்து இறங்கி வந்தது.
இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை.
நாங்களும் இல்லை,
அதாவது, நாங்கள் என்ற சொல் இல்லை.
பாதிப் பாதி என்றார் நீதிபதி.
வண்டியைக் குறுக்கே அறுக்க முடியாதென்பதால்
ஏப்ரல் சனிக்கிழமை ஒன்றில்
ஒரே வாசலில் நின்றோம்,
ஆளுக்கொரு தெர்மாஸ்.

வாக்கீகனிலிருந்து வந்தவன் பெயர் டாரெல்.
சட்டைப்பையில் ஒரு காந்தம்,
பெயின்ட்டில் கீறல் விழாதபடி
கைக்குட்டையில் சுற்றி.
டாக்டர் நெஞ்சில் வைப்பதுபோல்
பக்கவாட்டில் வைத்து வைத்து நகர்த்தினான்.
ஒட்டியது. ஒட்டியது.
பின்சக்கரத்துக்கு மேலே நழுவியது.
"இங்கே இரும்பு இல்லை. பட்டி."
"எழுபத்து இரண்டில் ஒரு தூண்" என்றான் காஸ்மிர்,
தூண் நடந்து வந்து மோதியதுபோல.

கூரையைத் திறக்கச் சொன்னான் டாரெல்.
சுவிட்சைக் காஸ்மிர் அழுத்த வேண்டும்,
அதே நொடியில் இடது மூலையை
நான் உள்ளங்கையால் தூக்கிவிட வேண்டும்.
வேறு எப்படியும் திறக்காது.
ஒன்பது மாதமாக
வக்கீல்கள் வழியாகத்தான் பேச்சு.
யாரும் ஒன்று, இரண்டு எண்ணவில்லை.
கூரை முனகிக்கொண்டே
பின்னால் போய் மடிந்தது.
டாரெல் கைதட்டினான்.
நாங்கள் வெவ்வேறு மரங்களைப் பார்த்தோம்.

பிறகு அவன் என் பக்கத்து விரிப்பைத் தூக்கினான்.
கீழே பிஸ்கட் சுடும் தட்டு.
தட்டைத் தூக்கினான்.
கீழே தரை.
வண்டியின் தரை இல்லை, உலகத்தின் தரை:
சரளை, ஓர் எறும்பு, ஒரு பாட்டில் மூடி.

பனிக்காலந்தோறும் இந்த ஊர்
சாலைக்கு உப்பிடும்.
உப்பிட்டவர்களை
உள்ளளவும் நினைத்திருக்கிறது தகரம்.

"இது எப்போது?"
கேட்டது டாரெல் அல்ல.
"எழுபத்து ஒன்பதில்."
"என்னிடம் சொல்லவே இல்லையே."
"நீ ஓட்டிக்கொண்டிருந்தாய்."

அதற்கு மேல் சொல்லாதது:
வானம் பார்க்கவென்று ஊரார் வாங்கும் வண்டியில்
பதினோரு வருடம்
குனிந்து பார்த்தபடி போனேன்.
தட்டைக் குதிகாலால் ஒதுக்கினால் போதும்.
மில்வாக்கி வரைக்கும் ஓடுகிற தார்,
மழைநாளில் கணுக்காலில் சாரல்.
ஒருமுறை, இரும்பு வலை போட்ட பாலத்தில்
வலைக்கும் கீழே ஆறு,
ஆற்றில் ஒரு படகு,
படகில் ஒருவன்
அண்ணாந்து பார்த்தான்.
காஸ்மிர் அப்போது
பெட்ரோல் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.
ம் என்றேன்.

ஓட்டைக்காக நானூறு டாலர் குறைந்தது,
ஆளுக்கு இருநூறு.
பானெட்டின் மேல்
விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு
காஸ்மிர் நோட்டுகளைப் பிரித்தான்,
உனக்கு, எனக்கு, உனக்கு,
சீட்டுப் போடுகிறவனைப் போல.
பேரத்தில் கடைசியாக இழுத்து வாங்கிய
ஒற்றை ஐந்து டாலர் மிஞ்சியது.
காற்று வந்து எடுத்துப் போயிருக்கலாம்.
வரவில்லை.
டாரெலிடமே கொடுத்து
பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சொன்னோம்.

அவன் தட்டையும் கேட்டான்.
அது விலையில் சேராது என்றேன்.

பேருந்தில் அதை மடியில் வைத்திருந்தேன்.
விளிம்பில் தார்,
நடுவில் என் குதிகால் தேய்த்த வெள்ளை வட்டம்.
"என்ன சுடப் போகிறீர்கள்?" என்றாள்
பக்கத்து இருக்கைக்காரி.
பதில் யோசிக்கிற சாக்கில்
காலடியைக் குனிந்து பார்த்தேன்.
கெட்டியான கறுப்பு ரப்பர்.
எங்கே போகிறோம் என்று
ஒன்றும் தெரியவில்லை.